நாற்காலிக்கு அடுத்தவர் யார்?

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர், ஸ்ரீமுஷ்ணம்)

2016ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இரவு. நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவன். ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் மாலையிலிருந்தே கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பேருந்துகள் நின்றன. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தோம். முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார் என்னும் செய்தி நள்ளிரவில் உறுதியாயிற்று. பொழுது விடியுமுன்பே ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சராகப் பதவி ஏற்றுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாத்தா சொன்னார்:

"தம்பி, இத நான் மூணாவது தடவையா பாக்குறேன்டா. அண்ணா போனப்ப நெடுஞ்செழியன். எம்.ஜி.ஆர். போனப்பவும் நெடுஞ்செழியன். இப்ப இவரு. ஒக்கார வைக்கிறவங்க யாரோ, எழுப்புறவங்க யாரோ. நமக்குக் கடைசியிலதான் சொல்லுவாங்க."

அன்று அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. மூன்று ஆண்டுகள் வரலாறு படித்த பின்னர் இப்போது விளங்குகிறது. ஆட்சியில் இல்லாத கட்சி தன் தலைவரை எப்படித் தேடிக்கொண்டாலும் அது அக்கட்சியின் வீட்டு விவகாரம் என்று விட்டுவிடலாம். ஆட்சியில் இருக்கும் கட்சி அவ்வாறன்று. அதன் தலைமை மாறும் நாளில் நாட்டின் முதலமைச்சரே மாறுகிறார். அந்த முடிவில் நமக்குப் பங்கு இல்லை. கட்சியின் சாதாரண உறுப்பினனுக்காவது பங்கு இருக்கிறதா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

வாக்கு எண்ணிய காலம்

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக, 1946 முதல் 1952 வரை, சென்னை மாகாணத்தில் ஒரே காங்கிரசுச் சட்டமன்றக் கட்சி மூன்று முதல்வர்களைக் கண்டது. 1946இல் த. பிரகாசம் வந்தார். 1947 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். 1949 ஏப்ரலில் பி.எஸ். குமாரசாமி ராஜா வந்தார். கோஷ்டிப் பூசல் இல்லாத காலம் அன்று அது. பூசல் நிரம்ப இருந்தது. ஆயினும் பூசலைத் தீர்க்கும் இடம் சட்டமன்றக் கட்சிக் கூட்டமாகவே இருந்தது.

ஓமந்தூரார் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மைந்தர். ஆலய நுழைவுச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் நிறைவேறியவை. அத்தகையவரும் கட்சிக்குள் எழுந்த அதிருப்தி கண்டு பதவியை விட்டு இறங்கினார். இறங்கியபின் நாற்காலியைச் சுற்றி வட்டமிடவில்லை. வடலூருக்கு வந்து வள்ளலார் வழியில் தொண்டு செய்து வாழ்ந்தார். முதல்வர் பதவிக்குப் பின்னும் ஒரு வாழ்வு உண்டு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று கிடைக்கிறது.

1952 பொதுத் தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. 375 இடங்களில் 152 மட்டுமே கிடைத்தன. அப்போது இராஜாஜி தேர்தலில் நில்லாமலே மேலவைக்கு நியமனம் பெற்று முதல்வரானார். இது மேலிருந்து இறங்கிய தலைமை. ஈராண்டில், அரைநாள் பள்ளித் திட்டத்தால் எழுந்த எதிர்ப்பில், அவர் விலக நேர்ந்தது. 1954இல் அடுத்த தலைவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராசருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41.

வெற்றியை விட அதற்குப்பின் நடந்ததே பெரிது. எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராசர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். உழைப்பாளர் கட்சித் தலைவராக இருந்த கடலூர் எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியாரையும் அமைச்சராக்கினார். கட்சி உடைந்ததா? இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆட்சி நடந்தது. தோற்றவனுக்கும் இடமுண்டு என்று தெரிந்தால் தோற்றவன் வீட்டை இடிக்க மாட்டான் என்பது 1954 தரும் பாடம்.

1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்கென்று காமராசர் தாமே பதவி துறந்தார். அவர் அகில இந்தியத் தலைவரான பின், 1964இல் நேருவின் மறைவை அடுத்து அனைவரையும் கலந்து சாஸ்திரியைத் தேர்ந்தனர். 1966இல் சாஸ்திரி மறைந்தபோது ஒருமனம் கூடவில்லை. உடனே வாக்கெடுப்பு. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169. இரண்டு பிரதமர்கள் பதவியிலேயே மறைந்தும் நாடு நிலைகுலையவில்லை.

ஆனால் தமிழகத்தில் காமராசர் விட்டுச்சென்ற நாற்காலியில் அமர்ந்த பக்தவத்சலம் ஆட்சி, 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர் குரலைக் கேட்க மறுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் 1965 ஜனவரி 27ஆம் நாள் சிதம்பரத்தில் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1967இல் காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை நன்றாயிருந்தால் மட்டும் போதாது, தேர்ந்தெடுக்கப்பட்டவர் செவியும் திறந்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இருமுறை அமர்ந்தும் நிலைக்காதவர்

அண்ணா 1949இல் கழகம் கண்டபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கெனக் காலியாக விட்டுப் பொதுச் செயலாளர் என்ற பெயரிலேயே கழகத்தை நடத்தினார். 1950களின் நடுவில் அந்தப் பொறுப்பையும் தம்பி நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்தார். தலைவன் வாழும்போதே தலைமையைக் கைமாற்றிப் பழக்கிய அந்தச் செயல் இன்றைய கட்சிகளில் காண்பதற்கு அரிது. ஆயினும் 1960இல் பொறுப்பு மீண்டும் அண்ணாவிடமே வந்தது. 1967இல் அவர் முதல்வரானபோது கட்சியும் ஆட்சியும் ஒருவர் கையில் சேர்ந்தன.

1969 பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து உருவான நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வரானார். ஒரு வாரம் சென்றது. பிப்ரவரி 10ஆம் நாள் மு. கருணாநிதி முதல்வரானார். நெடுஞ்செழியன் முதலில் அமைச்சரவையில் சேராமல் ஒதுங்கி நின்றார், பின்னர்ச் சேர்ந்தார். காலியாக இருந்த தலைவர் பதவி அவ்வாண்டிலேயே நிரப்பப்பட்டது. கருணாநிதி தலைவர், நெடுஞ்செழியன் பொதுச் செயலாளர் என்று ஓர் ஏற்பாடு அமைந்தது. ஒரு வாரத்தில் முடிந்த மாற்றம் அது. ஆனால் மனக்கசப்பு ஒரு வாரத்தில் முடியவில்லை. 1972இல் கணக்குக் கேட்ட எம்.ஜி.ஆர். வெளியேற்றப்பட்டார், அண்ணா தி.மு.க. பிறந்தது. 1977இல் நெடுஞ்செழியனும் வெளியேறினார்.

அதன்பின் தி.மு.க.வில் கருணாநிதி மறையும்வரை, 1969 முதல் 2018 வரை, ஒரே தலைவர். கிளைக் கழகம் முதல் அங்கே உட்கட்சித் தேர்தல்கள் நடப்பதும் உண்மை. தலைமைப் பதவிக்குப் போட்டி நடப்பதில்லை என்பதும் உண்மை. மு.க. ஸ்டாலின் 2009இல் துணை முதல்வரானார். 2017இல் செயல் தலைவர். 2018 ஆகஸ்டில் போட்டியின்றித் தலைவர். 2024 செப்டம்பரில் அவர் மகன் உதயநிதி துணை முதல்வரானார். அடுத்தவர் யார் என்னும் கேள்விக்கு இது ஓர் அமைதியான விடை. ஆளுநர் மாளிகைக்கு ஓட வேண்டியதில்லை. உறுப்பினர்களை எங்கும் கொண்டுபோய்த் தங்கவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை இருக்கிறது. நாற்பதாண்டு கொடி பிடித்த கிளைச் செயலாளரின் மகன், தான் எவ்வளவு உழைத்தாலும் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்கிறான்.

விதி இருந்தும் வழி இல்லை

அண்ணா தி.மு.க.வின் கதை இன்னும் வியப்பானது. அக்கட்சியின் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர் அனைவரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். வகுத்த விதி. தாளில் இதைவிடச் சிறந்த சனநாயக விதி எந்தக் கட்சிக்கு உண்டு? ஆயினும் 1987 டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தபோது அந்த விதி யாருக்கும் கைகொடுக்கவில்லை. நெடுஞ்செழியன் இரண்டாம் முறையாக இடைக்கால முதல்வரானார். இரண்டு வாரம் சென்றது. 1988 ஜனவரி 7ஆம் நாள் ஜானகி அம்மையார் முதல்வரானார். ஜனவரி 28ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பின்போது சட்டமன்றத்துக்குள்ளேயே கைகலப்பு. காவலர்கள் உள்ளே நுழைந்தனர். ஜனவரி 30ஆம் நாள் ஆட்சி கலைக்கப்பட்டது. ஓராண்டுக் காலம் தமிழகம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டு, ஓர் அணி சேவலுக்கும் மற்றோர் அணி இரட்டைப் புறாவுக்கும் வாக்குக் கேட்டன. 1989 தேர்தலில் சேவல் அணிக்கு 27 இடம். ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மையாரே தோற்றார். மக்கள் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இரு அணியும் ஒன்றுபட்டன. கட்சி உறுப்பினர்கள் முதலிலேயே சொல்லியிருக்கக்கூடிய தீர்ப்பு அது.

அந்தப் பாடத்தை 29 ஆண்டுகளில் அக்கட்சி கற்றதா? ஜெயலலிதா 2001இலும் 2014இலும் நீதிமன்றத் தீர்ப்புகளால் பதவி இழந்தபோது பன்னீர்செல்வம் நாற்காலியைக் காத்திருந்து திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை திருப்பிக் கொடுக்க அவர் இல்லை. 2017 பிப்ரவரியில் இரண்டு வாரங்களுக்குள் எத்தனை காட்சிகள்! 5ஆம் நாள் சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவரானார். 7ஆம் நாள் பன்னீர்செல்வம் நினைவிடத்தில் அமர்ந்தார். கூவத்தூர் விடுதியில் உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்டனர். 14ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு; 16ஆம் நாள் எடப்பாடி பழனிசாமி முதல்வர்; 18ஆம் நாள் 122க்கு 11 என்று வாக்கெடுப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். அந்தத் தொகுதிகளுக்கு 2019 ஏப்ரல், மே மாதங்களில்தான் இடைத்தேர்தல் நடந்தது. பதினெட்டுத் தொகுதி மக்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சட்டமன்றத்தில் தமக்கென ஒரு குரலின்றி இருந்தனர். அவர்கள் செய்த குற்றம் என்ன?

1988இல் ஆளுநரும், 2017 முதல் தேர்தல் ஆணையமும், 2023 வரை உச்ச நீதிமன்றமும் அந்தக் கட்சியின் தலைமை பற்றி முடிவு சொல்ல வேண்டியிருந்தது. உறுப்பினன் கையில் இருந்த சாவியைப் பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விட்டால், பூட்டைத் திறக்க வெளியாள்தான் வரவேண்டும்.

மறுப்புக்கு மறுப்பு

"மக்கள் வாக்களிப்பது தலைவரின் முகத்துக்குத்தான், உள்ளே போட்டி வைத்தால் கட்சி உடையும்" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம் வரலாறு காட்டுவது என்ன? போட்டி நடந்த 1954இல் கட்சி உடையவில்லை. போட்டி நடக்காத 1988இலும் 2017இலும்தான் உடைந்தது. 1990இல் இங்கிலாந்தில் பதவியிலிருந்த மார்கரெட் தாட்சரைச் சொந்தக் கட்சியே வாக்கெடுப்புக்கு உட்படுத்தியது. அவருக்கு 204, எதிர்த்தவருக்கு 152. அக்கட்சி விதிப்படி அந்த முன்னிலை போதவில்லை. நான்கு வாக்குக் குறைவு. அவர் விலகினார், ஜான் மேஜர் வந்தார், 1992 தேர்தலில் அதே கட்சி வென்றது. 2022இல் அதே கட்சி ஓராண்டில் மூன்று பிரதமர்களைக் கண்டு தள்ளாடியதையும் மறைக்க வேண்டியதில்லை. வாக்குப்பெட்டி எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. பெட்டி இருந்தால் சண்டை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவே.

சட்டம் இதற்கு உதவுமா? 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு, பதிவு பெறும் கட்சி சனநாயகக் கொள்கைக்குக் கட்டுப்படும் என்று எழுதித்தரச் சொல்கிறது. கட்சிகளின் உள் அமைப்பிலும் சனநாயகம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999இல் தன் 170ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. எழுதித்தருவதும் பரிந்துரைப்பதும் நடந்துவிட்டன. மீதி வேலை உறுப்பினர்களுடையது.

எங்கள் ஊருக்கு என்ன?

"சென்னையில் யார் உட்கார்ந்தால் ஸ்ரீமுஷ்ணத்துக்கு என்ன?" என்று கேட்கலாம். என் விடை இது. எங்கள் பேரூராட்சிக்கு 2011 அக்டோபரில் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள். இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் "அடுத்த முறை உனக்கு ஓட்டு இல்லை" என்று சொல்ல ஆள் இல்லை. இட ஒதுக்கீட்டு வழக்கும் வார்டு வரையறையும் காரணம் என்றார்கள். அவையும் காரணமே. ஆனால் 1986க்குப் பிறகு 1996 வரையும் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லையே! அந்தப் பத்தாண்டில் இரு கழகங்களும் ஆட்சியில் இருந்தன. தன் வீட்டுத் தேர்தலைப் போட்டியில்லாமல் முடித்துப் பழகிய கட்சிக்கு, ஊர்த் தேர்தல் தள்ளிப்போவது பெரிய குறையாகத் தோன்றுவதில்லை. இது என் கருத்து. தவறென்றால் ஆசிரியப் பெருமக்கள் திருத்தட்டும்.

எங்கள் பக்கத்து வீராணம் ஏரி, வீரநாராயணன் என்னும் பட்டம் பூண்ட முதற் பராந்தகன் காலத்தது. அதே பராந்தகன் காலத்தில்தான், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் குடவோலை விதிகள் பொறிக்கப்பட்டன. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கு மட்டுமே அங்கே இடம் என்பதை மறைக்க வேண்டாம். என் பாட்டன் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. ஆனாலும் இரண்டு விதிகளை எண்ணிப் பாருங்கள். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரக்கூடாது. கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய உறவினரும் வரக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய விதிகளில் ஒன்றையேனும் இன்று எந்தக் கட்சி தன் தலைமைக்கு எழுதிக்கொள்ளும்?

கட்சிகளைக் கேட்டது போதும். நம்மைக் கேட்டுக்கொள்வோம். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்த கதை இது. ஒரு நண்பர் பெயர் சொன்னார், இன்னொருவர் ஆமோதித்தார், பத்து நிமிடத்தில் கைதட்டி முடித்தோம். வேறொரு மாணவி நிற்க விரும்பியதாகப் பின்னர்த் தெரிந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. வாக்கெடுப்பு வைக்கலாம் என்று யாரும் சொல்லவுமில்லை. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஒருமனதாகத் தேர்வு என்று அன்று எழுதிக்கொண்டோம். அது ஒருமனமா, ஒருவர் மனமா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வரும் கல்வியாண்டில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெட்டி வைப்போம். சீட்டெழுதிப் போடுவோம். எண்ணுவோம். தோற்றவருக்கும் ஒரு பொறுப்புக் கொடுப்போம். வென்றவர் ஆண்டு இறுதியில் கணக்குச் சொல்லிவிட்டு இறங்கட்டும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. அரைமணி நேரமும் ஒரு அட்டைப்பெட்டியும் போதும். நாளை நம்மில் பலர் ஏதோ ஒரு கட்சியில், சங்கத்தில், கூட்டுறவில் உறுப்பினராவோம். அன்று யாராவது ஒரு பெயரைப் படித்துக் கைதட்டச் சொல்வார்கள். "பொறுங்கள், பெட்டி எங்கே?" என்று கேட்கும் பழக்கம் அப்போது திடீரென்று வந்துவிடாது. அது இங்கே, இந்த வகுப்பறையில்தான் வர வேண்டும்.

என் தாத்தா இன்று இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டி, அடுத்தவர் யார் என்பதைக் கடைசியில் தெரிந்துகொள்பவர்களாக நாங்கள் இருக்க மாட்டோம் என்று அவரிடம் சொல்லியிருப்பேன்.